மாதிரிக் கப்பலுக்கு ஏற்ற மரம்: தேர்வும் தொடக்கமும்

என் மேசை மீது ஒன்றரைச் சாண் நீளமுள்ள சிறிய கட்டுமரம் ஒன்று இருக்கிறது. பயிர் ஆலோசனை கேட்டு வரும் உழவர்கள் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, இது தேக்குதானே?" "இல்லை, குமிழ்" என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நல்ல பொருள் என்றால் தேக்கில்தான் செய்திருக்க வேண்டும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் அது சரி. உண்மையான கப்பலுக்கும் சரி. ஆனால் மாதிரிக் கப்பலுக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது, எந்த மரம் பொருந்தும், புதிதாகத் தொடங்குவோர் எதில் தொடங்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அறுவடை முடிந்து அடுத்த பட்டம் வரையுள்ள ஓய்வு நாட்களில் வீட்டிலிருந்தே செய்யத்தக்க கைவேலை இது. வேண்டிய மரமும் பெரும்பாலும் நம் வரப்பிலேயே கிடைக்கும்.

அளவு விகிதம்

மாதிரி என்பது உண்மைப் பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்வது. 1:20 என்றால் உண்மையில் 20 செ.மீ. உள்ளது மாதிரியில் 1 செ.மீ. ஆகும். 6 மீட்டர் நீளமுள்ள கட்டுமரம் 30 செ.மீ. ஆகிவிடும். 24 மி.மீ. தடிமனுள்ள கயிறு 1.2 மி.மீ. நூலாகும். பெரிய கப்பல்களுக்கு 1:48 போன்ற விகிதங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த விகிதத்தில் 170 செ.மீ. உயரமுள்ள மனிதன் 3.5 செ.மீ. உயரமே இருப்பான்.

அளவு சிறுக்கும், இழை சிறுக்காது

பலகையையும் கயிற்றையும் சிறிதாக்கலாம். ஆனால் மரத்தின் இழையையும் துளைகளையும் நம்மால் சிறிதாக்க முடியாது. மரத் தேர்வின் அடிப்படை இதுவே.

தேக்கை எடுத்துக்கொள்வோம். வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்கள் தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாகப் பெரிதாக அமைந்துள்ளன. அவற்றுள் பெரியவை சுமார் 0.3 மி.மீ. விட்டமுள்ளவை. வீட்டுக் கதவில் இது கண்ணுக்குக் கோடாகத் தெரியும், அழகாகவும் இருக்கும். 1:48 மாதிரியில் அதே துளை, உண்மைக் கப்பலில் 14 மி.மீ. பள்ளம் இருப்பதற்குச் சமம். கப்பலின் தளப்பலகை முழுவதும் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அது கப்பலாகத் தோன்றாது. தேக்குத் துண்டாகவே தோன்றும்.

பெருங்கப்பலுக்குத் தேக்கு எவ்வளவு சிறந்தது என்பதில் ஐயமில்லை. 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார்த் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் அக்கப்பலின் மாதிரியைச் செய்வோர் தேக்கை விட்டு, இழை நுண்மையான வேறு மரத்தையே தேடவேண்டும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட புகழ்பெற்ற மாதிரிகளில் பேரி மரமும் பாக்ஸ் மரமும் மிகுதியாகப் பயன்பட்டன. இரண்டும் துளைகள் கண்ணுக்குத் தெரியாத மரங்கள்.

கிடைத்ததைக் கொண்டு தொடங்கியவர்கள்

வெளிநாட்டு மரம் விலைக்கு வாங்கினால்தான் இவ்வேலை செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். நெப்போலியன் காலத்துப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள் இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் முதலிய சிறை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உணவில் மிஞ்சியது எலும்பு. அந்த எலும்பைச் சேர்த்துச் சுத்தம் செய்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரக்கூட்டின் மேல் பதித்துப் போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்தனர். அவற்றை முகாம் வாயிற் சந்தையில் விற்றும் வந்தனர். எலும்பில் துளையும் கோடும் தெரிவதில்லை. ஆகவே சிறு அளவிலும் அது உண்மைப் பலகை போலவே தோன்றியது. அவர்கள் பொருளின் பெயரைப் பார்க்கவில்லை, தன்மையைப் பார்த்தனர்.

நம் தோட்டத்து மரங்கள்

நல்ல மாதிரி மரத்திற்கு வேண்டியவை நான்கு: இழை நுண்மையாகவும் நேராகவும் இருத்தல், துளை கண்ணுக்குத் தெரியாதிருத்தல், காய்ந்தபின் கோணாதிருத்தல், கூரிய கத்திக்குச் சிம்பு எழாமல் இசைதல்.

1. வெட்பாலை: வெண்மையான, நுண்ணிழை மரம். கர்நாடகத்தின் சென்னப்பட்டணா பொம்மைகளும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளும் தொன்றுதொட்டு இம்மரத்திலேயே கடையப்படுகின்றன. நம் வறண்ட காடுகளிலும் வேலி ஓரங்களிலும் வளர்வது. நுணுக்கமான உறுப்புகளுக்கு மிக ஏற்றது.

2. மஞ்சக் கடம்பு: மஞ்சள் நிறம், ஒரே சீரான நுண்ணிழை. நூற்கண்டு உருளைகளுக்கும் சீப்புகளுக்கும் பயன்பட்ட மரம். மரக்கடையில் சீவிய துண்டு கிடைத்தால் விடாதீர்கள்.

3. எலுமிச்சை, நாரத்தை: பட்டுப்போன பழைய மரங்களைத் தோண்டி அடுப்பில் எரித்துவிடுகிறோம். அடிமரம் வெளிர் மஞ்சளாகவும் கனமாகவும் நெருங்கிய இழையுடனும் இருக்கும். கப்பி, நங்கூரத் தண்டு போன்ற சிறு உறுப்புகளுக்கு இதைக் காட்டிலும் நல்லது எளிதில் கிடைக்காது.

4. கொய்யா: கவாத்துச் செய்த கிளைகளே போதும். பம்பரத்திற்கும் கவட்டைக்கும் சிறுவர்கள் இதைத் தேடுவது காரணமில்லாமல் அன்று. உறுதியும் நுண்ணிழையும் உண்டு.

5. குமிழ்: இழை சற்றுப் பருமன். எனினும் இலேசானது, கத்திக்கு எளிதில் இசைவது, காய்ந்தபின் அதிகம் கோணாதது. 1:20 போன்ற பெரிய விகிதத்தில் முதல் மாதிரி செய்வோருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

6. மூங்கில்: பாய்மரத் தண்டு, துடுப்பு, மர ஆணி ஆகியவற்றிற்கு நிகரற்றது. இரும்புத் தகட்டில் சிறிதாகிக்கொண்டே போகும் துளைகளை இட்டு, மூங்கிற் சிம்பை ஒவ்வொன்றின் வழியாகவும் இழுத்தால் 1 மி.மீ. தடிமனுள்ள உருண்டை ஆணி கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை: சவுக்கும் தைலமரமும் காயும்போது வெடித்துக் கோணும். வேம்பில் இழை பின்னிக் கிடப்பதால் இழைக்கும்போது சிம்பு பெயரும். இலவு பஞ்சு போல் மென்மை, விளிம்பு நிற்காது. கையை மட்டும் பழக்கிக்கொள்ள அது உதவும்.

இவ்வேலைக்காக நிற்கும் மரத்தை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. கவாத்துக் கழிவு, காற்றில் விழுந்த கிளை, தச்சுப் பட்டறைத் துண்டு ஆகியவையே போதும். மரத்தையே வெட்ட நேர்ந்தால், சிலவகை மரங்களுக்குச் சொந்த நிலத்திலும் அனுமதி தேவை என்பதை நினைவிற் கொண்டு வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

ஈரமே முதல் எதிரி

நான் செய்த முதல் படகு தேக்கில்தான். எங்கள் வரப்பில் வெட்டிய கிளையை, நடுச்சோறு உள்ளேயே இருக்க, பச்சையாகவே செதுக்கி மெருகிட்டேன். ஐப்பசியில் முடித்தது, பங்குனியில் அணியம் முதல் பின்புறம் வரை விரல்கனத்திற்கு வெடித்துவிட்டது. இரண்டு மாத மாலை வேலை வீண். என் தவறு எது என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் தெளிந்தது.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் உள்ளது. குழாய்களிலும் உயிரணு அறைகளிலும் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அது போவதால் மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதத்திற்குக் கீழே இறங்கும்போது அறைச் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறுகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது. சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. நீளவாக்கில் மிகச் சொற்பம். வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சிய பட்டை குளிர்ந்து சுருங்கிச் சக்கரத்தை இறுக்குகிறது. முழுக் கிளை காயும்போதும் இதுவே நடக்கிறது. வெளிவளையம் அதிகம் சுருங்கப் பார்க்கிறது. உட்புறம் அந்த அளவு சுருங்குவதில்லை. இரும்பு தாங்கும், மரம் தாங்காது. பட்டையிலிருந்து நடு வரை வெடிக்கிறது. ஆகவே கிளையை முழுதாகக் காயவைக்காமல், நடுவே பிளந்து நடுச்சோற்றை நீக்கிவிட்டுக் காயவைக்க வேண்டும்.

காயவைக்கும் முறை

பிளந்த மரத்தை வேண்டிய அளவிற்கு மேல் கால் பங்கு கூடுதலாக விட்டுச் சட்டங்களாக அறுக்கவும். முதல் மாதிரிக்கு 35 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள சட்டங்கள் போதும். அறுத்த இரு முனைகளிலும் மெழுகோ பழைய வண்ணப்பூச்சோ தடவவும். முனை வழியே நீர் பல மடங்கு வேகமாக வெளியேறுவதால், தடவாவிட்டால் முனை வெடிக்கும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கவும். வெயிலிலோ அடுப்பு மேலோ வைத்தல் கூடாது.

25 மி.மீ. கனத்திற்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. நம் கோடையில் மெல்லிய சட்டங்கள் அதற்கு முன்பே காய்ந்துவிடும். நாட்கணக்கை விடத் தராசை நம்புவது நல்லது. ஒரு சட்டத்தைக் குறியிட்டு வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வரவும். மழையில்லாத நாட்களில் மூன்று வாரம் எடை மாறாதிருந்தால் மரம் சுற்றுக் காற்றுடன் சமநிலைக்கு வந்துவிட்டது எனலாம். நம் பகுதியில் அந்நிலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 12 முதல் 15 சதம் இருக்கும்.

விதை சேமிக்கும் உழவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவும். விதையின் ஈரப்பதத்தை ஈர எடையின் மீது கணக்கிடுகிறோம். மரத்திற்கு உலர்ந்த எடையின் மீது கணக்கிடுவது வழக்கம். 113 கிராம் துண்டு முற்றும் உலர்ந்து 100 கிராம் ஆனால், மரக் கணக்கில் ஈரப்பதம் 13 சதம். விதைக் கணக்கில் அதே துண்டு 11.5 சதம்.

வண்டுத் தாக்குதல்

மரத்தின் வெளிறுப் பகுதியில் மாவுச்சத்து மிகுதி. பொடி வண்டு அதை நாடி முட்டையிடும். மாதிரியின் கீழே மாவு போல் கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். இயன்றவரை வைரப் பகுதியைப் பயன்படுத்தவும். வெளிறையும் மூங்கிலையும் பயன்படுத்த நேர்ந்தால், 1 லிட்டர் நீரில் 20 கிராம் போரிக் அமிலமும் 30 கிராம் வெண்காரமும் கரைத்து, பச்சையாக இருக்கும்போதே ஊறவைத்துப் பின்னர் காயவைக்கவும். இக்கரைசலைக் குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். கிணற்றருகே கொட்டுதல் கூடாது.

கருவிகள்

மெல்லிய பல்லுள்ள சிறு ரம்பம், கூரிய கத்தி, 6 மி.மீ. மற்றும் 12 மி.மீ. உளிகள், சிறு இழைப்புளி, அரம், கைத் துளைக்கருவி, மூலைமட்டம், உப்புத்தாள் ஆகியவை போதும். விலை உயர்ந்த கருவிப் பெட்டி முதல் ஆண்டில் தேவையில்லை. ஆனால் சாணைக்கல் கட்டாயம் வேண்டும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளவும்.

முதல் மாதிரி: கட்டுமரம்

புதிதாகத் தொடங்குவோர் மூன்று பாய்மரக் கப்பலில் கை வைத்துப் பாதியில் விடுவதே வழக்கமாக இருக்கிறது. கட்டுமரத்தில் வளைத்து ஒட்டவேண்டிய பலகை இல்லை, ஆணி இல்லை. செதுக்கிய கட்டைகளைக் கயிற்றால் கட்டுவதே வேலை. ஆங்கிலத்தில் 'கட்டமரன்' என்று வழங்கும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து சென்றதே.

1. கடற்கரை ஊரில் பழைய கட்டுமரம் இருந்தால், உரியவரிடம் கேட்டு அளந்து வரவும். ஒவ்வொரு கட்டையின் நீளம், முன்-நடு-பின் ஆகிய மூன்று இடங்களில் அகலம், கனம், கட்டு விழும் இடங்கள் ஆகியவற்றைக் குறிக்கவும். கட்டைகளின் எண்ணிக்கை இடத்திற்கு இடம், தொழிலுக்குத் தொழில் வேறுபடும்.

2. அளவுகளை 20-ஆல் வகுத்து வரைபடத் தாளில் வரையவும். 6 மீட்டர் நீளமும் ஐந்து கட்டைகளும் கொண்ட மரமானால், மாதிரி 30 செ.மீ. நீளமும், கட்டை ஒன்றுக்கு 1.5 செ.மீ. வீதம் 7.5 செ.மீ. அகலமும் இருக்கும்.

3. ஒவ்வொரு சட்டத்திலும் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரைந்து, முதலில் பக்கத்தையும் பிறகு மேற்புறத்தையும் அறுக்கவும். கத்தியை எப்போதும் இழை இறங்கும் திசையிலேயே செலுத்தவும். சிம்பு எழுந்தால் திசை தவறு; மரத்தைத் திருப்பிப் பிடிக்கவும்.

4. அணியத்தில் மேல்நோக்கி வளையும் உறுப்புகளை நேர்ச்சட்டத்தில் வெட்டினால் இழை குறுக்கே அறுபட்டு ஒடிந்துவிடும். இயற்கையாக வளைந்த கொய்யாக் கிளையைத் தேர்ந்தெடுத்தால் இழையும் வளைவோடு செல்லும். நாட்டுக் கலப்பைக்கு வளைந்த கருவேலங் கிளையைத் தச்சர்கள் தேடியது இதற்காகத்தான்.

5. கட்டைகளை வரிசையாக வைத்து, இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும் வரை தேய்க்கவும். முன்னும் பின்னும் குறுக்குக் குச்சி வைத்து, தென்னை நாரை 1 மி.மீ. கயிறாகத் திரித்துக் கட்டவும். பசை வேண்டாம், இறுக்கமான கட்டே போதும்.

6. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைக்கவும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பின்னரே எறிய வேண்டும்.

அடுத்த படிகள்

கட்டுமரம் கைவந்தபின், பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வெள்ளைப் பசையால் ஒட்டிச் செதுக்கும் அடுக்குமுறையில் ஒரு வள்ளம் செய்யலாம். அதன் பிறகே விலாச் சட்டங்கள் நிறுத்தி, மெல்லிய பலகைகளை நீரில் ஊறவைத்து வளைத்துப் பொருத்தும் முறைக்குச் செல்ல வேண்டும். வெட்பாலையும் மஞ்சக் கடம்பும் உதவுவது அப்போதுதான்.

இதை விற்றுப் பணம் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் மூன்று நான்கு மாதிரிகளை விற்பனைக்கு என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் சென்றது என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு விலையைப் பற்றி யோசிக்கலாம். கடன் வாங்கிக் கருவி வாங்குதல் கூடவே கூடாது.

வெடித்துப்போன என் தேக்குப் படகை ஒரு முறை கடற்கரைப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலிலே காயப் போடுவோம். நனைஞ்ச கட்டை மிதக்காது, உலர்ந்த கட்டைதான் மிதக்கும். நீங்க கடலுக்குப் போகாமலே நனைஞ்ச கட்டையைக் கட்டியிருக்கீங்க" என்றார். மரத்தைக் காயவைக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிட அன்றுதான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

அவரைப் போலக் கட்டைகளைத் தேர்ந்து, செதுக்கி, கட்டத் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டனர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரம் பல கரைகளில் மறைந்து வருகிறது. மணலில் கிடக்கும் பழைய மரங்களும் உளுத்துப்போகும் முன் அளந்து, அந்த அளவிலேயே ஒரு மாதிரி செய்துவைத்தால், கட்டையின் வடிவமும் கட்டு விழும் இடமும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே உழவர்கள் இந்தக் கோடையிலேயே கொய்யாக் கவாத்திலும் குமிழ்க் கிளையிலும் பத்துச் சட்டங்கள் எடுத்து நிழலில் அடுக்கி வைக்கவும். அவை காய்வதற்குள் ஒரு கட்டுமரத்தை அளந்து வந்துவிடலாம்.